கை கழுவச் சொல்லித் தரும் அறை

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! முதியவர் ஒருவர் நிற்கிறார், தண்ணீர்க் குழாயின் முன்னே. குழாய் இருக்கிறது, பக்கத்தில் சோப்பு இருக்கிறது, துடைத்துக்கொள்ளத் துண்டும் தொங்குகிறது. கைகளில் வலுவும் இருக்கிறது. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் அவர் நெஞ்சில் இல்லை! குழாயைத் திருகுகிறார், நீர் கொட்டுகிறது, கொட்டும் நீரைப் பார்த்தபடியே நிற்கிறார். ஆயிரம் கணக்கு எழுதிய கரமாக இருக்கலாம் அது. அரிவாளும் ஏரும் பிடித்த கரமாக இருக்கலாம். பிள்ளைகளைத் தோளில் ஏற்றி ஊர்வலம் காட்டிய கரமாக இருக்கலாம். இன்று அந்தக் கரம் சோப்பை எடுக்க வேண்டும் என்பதை அறியாமல் அந்தரத்தில் தயங்கி நிற்கிறது.

அப்போது ஒரு குரல் எழுகிறது. மகளின் குரல் அல்ல. மருமகளின் முணுமுணுப்பு அல்ல. செவிலியின் அதட்டலும் அல்ல. குழாய்க்கு மேலே பொருத்தப்பட்ட காமிரா அவருடைய கைகளைக் கவனித்துக்கொண்டிருந்தது. அது கண்டதைக் கணிப்பொறி எடை போட்டது. இவர் நின்றுவிட்டார், இனித் தாமாக நகரமாட்டார் என்று முடிவு செய்தது. சோப்பை எடுத்துக்கொள்ளுமாறு, முன்பே பதிந்து வைத்த குரலில் சொல்லிற்று. எடுத்தார். கழுவினார். துண்டைத் தேடினார். கண்டார், துடைத்துக்கொண்டார்.

கற்பனைக் கதையன்று. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் அலெக்ஸ் மிஹைலிடிஸ் என்னும் பொறியியலாளரும் அவருடைய தோழர்களும் அமைத்த பொறி இது. 'கோச்' என்று அதற்குப் பெயர் வைத்தனர். பயிற்சியாளர் என்று பொருள்படும் சொல்.

நம் மொழியில் 'கை கழுவிவிட்டான்' என்றால் கைவிட்டான் என்று பொருள். உலகம் முதலில் கை கழுவுவது, கை கழுவவும் மறந்துபோன இந்த முதியோரைத்தான்! வயதானால் அப்படித்தான், விதி, வேறென்ன செய்வது என்று ஒரு பெருமூச்சு. அதோடு கடமை தீர்ந்தது என்று நகர்ந்துவிடுவார்கள், பெரும்பாலோர். நகராது நின்றவர்கள் சிலர். அவர்களால்தான் சுவருக்குக் கண்ணும், அறைக்கு வாயும் வந்தன. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தொடக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்றில் வாரன் ஜான்சன் என்பவர் பேராசிரியராக இருந்தார். குளிர் கடுமையான நாடு. நிலவறையிலே கொதிகலன்; மேலே வகுப்புகள். வகுப்பில் குளிர் அதிகமா, வெப்பம் அதிகமா என்று பார்ப்பதற்குப் பணியாள் ஒருவன் ஒவ்வோர் அறையாக நுழைந்து, பார்த்து, மீண்டும் கீழே இறங்கிப் போய்க் காற்றுவழியைத் திறப்பான், மூடுவான். பாடம் நடக்கும்போதெல்லாம் கதவு திறக்கும், மூடும். சலித்துப்போன ஜான்சன் ஒரு கருவி செய்தார். அறையின் வெப்பநிலை எல்லை கடந்தால், மின்சாரம் ஓடி நிலவறையில் மணி அடிக்கும். பணியாள் செய்ய வேண்டியதைச் செய்வான். 1883 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கவனியுங்கள். அந்தக் கருவி வேலையைத் தானே செய்யவில்லை. அறையின் நிலையை உணர்ந்தது. செய்ய வேண்டிய மனிதனுக்கு, செய்ய வேண்டிய நேரத்தில், சேதி சொன்னது. அவ்வளவுதான். உணர்ந்து, மனிதனுக்கு உரைக்கும் உணரி! டொராண்டோக் குழாயின் மேலிருந்த கண்ணுக்கு இதுவே பாட்டன்.

மற்றொரு கிளை மருத்துவத்திலிருந்து புறப்படுகிறது. 1901 ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனைக்கு 51 வயது அம்மையார் ஒருவர் கொண்டுவரப்பட்டார். பெயர் அகஸ்தே. மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் அவரிடம் பேசினார், பேசியதைக் குறித்துவைத்தார். பெயரை எழுதச் சொன்னார். அம்மையார் தொடங்கினார், முடிக்கத் தெரியவில்லை. உணவு வேளையில் காலிபிளவரும் பன்றி இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம், என்ன உண்கிறீர்கள் என்று கேட்டார். கீரை என்று விடை வந்தது. 1906 ஏப்ரலில் அந்த அம்மையார் மறைந்தார். அவருடைய மூளையை நுண்ணோக்காடியில் ஆராய்ந்த அல்சைமர், அதே ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் டியூபிங்கன் நகரத்து மருத்துவர் அவையில் தாம் கண்டதை விளக்கினார். அவையோர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1910 இல் கிரேப்பலின் என்ற பேராசிரியர் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். விதி என்று விட்டிருந்தால் பெருமூச்சோடு முடிந்திருக்கும். நோய் என்று கண்டதால் ஆராய்ச்சி பிறந்தது.

ஆனால், நோய் இன்னது என்று அறிந்துவிட்டால், நோயாளிக்கு இன்று காலை என்ன உதவி வேண்டும் என்பது விளங்கிவிடுமா? விளங்காது. அதற்கு வேறோர் அளவுகோல் வேண்டியிருந்தது. கிளீவ்லாந்து நகரத்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1963 இல் அதை வகுத்தளித்தனர். குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நகருதல், கழிவை அடக்குதல், உண்ணுதல் என ஆறே செயல்கள். இவற்றில் எவற்றைத் தாமே செய்கிறார், எவற்றுக்குப் பிறர் துணை வேண்டும் என்று கணக்கிட்டனர். நோயிலிருந்து மீளும் முதியோர் இச்செயல்களைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தை அவற்றைக் கற்கும் வரிசையை ஒத்திருப்பதையும் கண்டனர்.

1969 இல் பவல் லாட்டன், எலெய்ன் பிராடி என்ற இருவர் பிலடெல்பியா முதியோர் மையத்திலிருந்து அந்தப் பட்டியலை விரித்தனர். தொலைபேசியில் பேசுதல், கடைக்குப் போதல், சமைத்தல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், ஊர்தியில் பயணம் செய்தல், மருந்து உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என எட்டுச் செயல்கள். எட்டுச் செயல்களும் எல்லோருக்கும் என்றா எண்ணுகிறீர்கள்? இல்லை, தோழர்களே! பெண்ணுக்கு எட்டு; ஆணுக்கு ஐந்து! சமையல், வீட்டு வேலை, துவையல் மூன்றையும் ஆடவர் கணக்கிலிருந்து நீக்கிவிட்டனர். சமைக்கத் தெரியாத கிழவனுக்குக் குறை ஒன்றுமில்லை; சமைக்க மறந்த கிழவிக்கு மதிப்பெண் குறையும். நடுநிலை தவறாத அறிவியல் என்கிறோமே, அதன் அளவுகோலிலும் அடுப்பங்கரைக் கரி ஒட்டிக்கொண்டிருந்தது! இதே எலெய்ன் பிராடிதான் பின்னர், 1981 இல், முதிய பெற்றோருக்கும் தம் பிள்ளைகளுக்கும் நடுவே சிக்கி உழைக்கும் மகளிரைப் பற்றி எழுதி உலகின் கண்ணைத் திறந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவுகோலின் கோணலை அளந்தவரே பின்னர் கண்டிருக்கிறார் என்று கொள்வோம்.

அடுப்பங்கரை என்றதும் நினைவுக்கு வருகிறது. அதே 1969 இல், டெக்சாஸ் மாநிலத்துப் பெரும் வணிகக் கூடமான நீமன் மார்க்கஸ், தன் விலைப்பட்டியலில் 'சமையலறைக் கணிப்பொறி' ஒன்றை விளம்பரம் செய்தது. ஹனிவெல் நிறுவனத்தார் படைத்தது. விலை 10,600 டாலர். காய் நறுக்கும் பலகை உண்டு. சமையல் குறிப்புகள் உள்ளே உண்டு. ஆனால் இல்லத்தரசி அதனோடு பேச வேண்டுமானால், வரிசையாக இருக்கும் விசைகளை மேலும் கீழும் தட்ட வேண்டும். விடையாக விளக்குகள் மின்னும், அணையும். அந்த மின்மினி மொழியைப் படிக்க இரண்டு வாரப் பயிற்சி! கத்தரிக்காய் வதங்கிக் கருகும் நேரத்தில், விளக்குகளை எண்ணிக்கொண்டு நிற்பாளா ஒருத்தி? ஒன்றேனும் விற்றதற்குச் சான்றில்லை. சமையலறையை மேலிருந்து பார்த்து, உள்ளே நிற்பவளைக் கேளாமல் செய்த பொருளுக்கு வேறு கதி ஏது?

இருபது ஆண்டுகளுக்குப் பின் கருத்து மாறிற்று. கலிபோர்னியாவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த மார்க் வைசர் 1991 செப்டம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். கணிப்பொறி கண்முன் நின்று 'என்னைக் கவனி' என்று அதிகாரம் செய்யக் கூடாது. எழுத்து எப்படி எங்கும் பரவி, எழுத்து என்ற நினைப்பே எழாதபடி நமக்குப் பயன்படுகிறதோ, அப்படிச் சுவரிலும் பலகையிலும் சட்டைப்பையிலும் கரைந்து மறைந்து பணியாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். 1999 இல், தம் 46 ஆம் வயதில், அவர் மறைந்தார்.

மறைந்து பணியாற்ற வேண்டுமானால், கணிப்பொறிக்கு முதலில் தெரிய வேண்டியது என்ன? யார் எங்கே இருக்கிறார் என்பது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தார் 1989 முதல் 1992 வரையில் அதைச் செய்து காட்டினர். ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு சின்னம் அணிந்தனர். 15 நொடிக்கு ஒரு முறை அது அகச்சிவப்புக் கதிரால் தன் அடையாளத்தைச் சொல்லும். சுவரிலுள்ள உணரி கேட்டுக்கொள்ளும். தொலைபேசி அழைப்பு, ஆள் இருக்கும் அறையைத் தேடிப் போய் மணியடித்தது. வசதிதான். ஆனால், எந்த அறையில் எத்தனை நேரம் இருந்தான் என்று முதலாளியும் பார்க்கலாமே என்ற அச்சமும் உடன் பிறந்தது. இரட்டைப் பிள்ளைகள் அவை, வசதியும் அச்சமும். இன்றளவும் சேர்ந்தே வளர்கின்றன.

கொலராடோ மாநிலம் போல்டர் நகரில் மைக்கேல் மோசர் என்ற பேராசிரியர் தாம் குடியிருந்த வீட்டையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். 1905 இல் பள்ளிக்கூடமாகக் கட்டிய கட்டடம் அது. 75க்கும் மேற்பட்ட உணரிகள்: ஒளியை அளப்பவை, ஒலியை அளப்பவை, நடமாட்டத்தைக் காண்பவை, கதவு திறந்ததா என்று பார்ப்பவை. வீட்டுக்காரர் எப்போது வருவார், எந்த விளக்கை ஏற்றுவார் என்று வீடு தானே கற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், மாலையில் வேலை நீண்டுவிட்டால், வீடு நம்மை எதிர்பார்த்திருக்குமே, ஏமாற்றக் கூடாதே என்று தமக்கு ஓர் உறுத்தல் எழுந்ததாக மோசரே எழுதியிருக்கிறார்! மனிதன் வீட்டைப் பழக்கினானா, வீடு மனிதனைப் பழக்கிற்றா?

அட்லாண்டாவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார், 2000 ஆம் ஆண்டையொட்டி 'உணர்வுள்ள இல்லம்' ஒன்றை எழுப்பினர். அங்கே பிறந்த இரு படைப்புகள் என் நெஞ்சைத் தொட்டவை. ஒன்று சமையலறையில். மாவு அளந்து கொட்டும்போது தொலைபேசி அழைக்கிறது. பேசிவிட்டுத் திரும்பினால், கொட்டியது இரண்டு கிண்ணமா, மூன்றா? நோயில்லாதவர்க்கும் வரும் மயக்கம்தானே! சமைப்பவர் கடைசியாகச் செய்த ஆறு செயல்களின் படங்களை அங்கிருந்த திரை வரிசையாகக் காட்டும். 'இதைச் செய், அதைச் செய்' என்று கட்டளையிடாது; நீங்கள் செய்தது இது என்று காட்டிவிட்டு நிற்கும். உண்மையை மறைக்காமல் சொல்வதானால், எந்தப் படத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் அறிவு அன்றைய கணிப்பொறிக்கு இல்லை. சோதனையின்போது மறைவில் ஆள் அமர்ந்து அந்த வேலையைச் செய்தார்.

மற்றொன்று, 2001 இல் எலிசபெத் மைனட் குழுவினர் வெளியிட்டது. தொலைவில் தனித்து வாழும் தாயின் படம், மகன் வீட்டுச் சுவரில். படத்தின் சட்டத்தைச் சுற்றி 28 நாட்களுக்கு 28 வண்ணத்துப்பூச்சிகள். தாய் வீட்டில் நடமாட்டம் மிகுந்த நாளுக்குப் பெரிய பூச்சி. குறைந்த நாளுக்குச் சிறியது. காமிரா காட்டும் படம் அல்ல, ஒலி அல்ல, எந்த அறையில் என்ன செய்தாள் என்ற வேவும் அல்ல. அம்மா நலமாக இருக்கிறாளா என்ற கேள்விக்கு மட்டும் விடை. அறிய வேண்டியதை மட்டும் அறிவதும் ஒரு பண்பாடுதான்.

சியாட்டிலில் இன்டெல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி கண்டனர். மனிதனைப் பார்க்க வேண்டாம், அவன் தொடும் பொருளைப் பார்ப்போம் என்றனர். ஒரு வீட்டில் 108 பொருள்களில், மின்கலம் வேண்டாத சிறு வானொலிச் சீட்டுகளை ஒட்டினர். கையுறையில் பொருத்திய கருவி, கை எதைத் தொட்டது என்று படித்தது. பல் துலக்கி, பற்பசை, குழாய் என்று வரிசையாகத் தொட்டால் பல் துலக்குகிறார். கெண்டி, தேயிலை, கோப்பை என்றால் தேநீர் போடுகிறார். 14 பேரைக் கொண்டு சோதித்து 2004 இல் முடிவை வெளியிட்டனர். பொறி 'இன்ன செயல் நடந்தது' என்று சொன்னபோது 100க்கு 88 முறை சரி. நடந்த செயல்களில் அது கண்டுகொண்டது 100க்கு 73. தேநீர் போடுவதற்கு எவை எவை வேண்டும் என்று பொறிக்குக் கற்பித்தது யார்? செய்முறைக் குறிப்புகளைத் தொகுத்துப் படிக்கச் செய்தே கற்பித்தனர். ஊர் மக்கள் எழுதிவைத்த குறிப்பெல்லாம் இயந்திரத்துக்குப் பாடநூல்!

இனி, டொராண்டோவுக்குத் திரும்புவோம். கை கழுவுதல் எளிய செயலன்று என்பதை அந்தப் பொறியைக் கட்டியவர்களிடம் கேட்டால் தெரியும். குழாயைத் திறக்க வேண்டும், சோப்புப் போட வேண்டும், அலச வேண்டும், குழாயை மூட வேண்டும், துடைக்க வேண்டும். சிலர் முதலில் சோப்பை எடுப்பார்கள், பிறகு குழாயைத் திறப்பார்கள், அதுவும் சரிதான். எது பிழை, எது அவருடைய வழக்கம் என்று பிரித்தறிய வேண்டும். தொடக்கத்தில் முதியோர் மணிக்கட்டில் ஒரு வளையம் அணிய வேண்டியிருந்தது. வளையத்தை வைத்தே காமிரா கையைக் கண்டுகொண்டது. பின்னர் அந்த வளையமும் தேவையற்றுப் போயிற்று. வெறுங்கையையும் துண்டையும் கணிப்பொறி தானே இனங்கண்டது.

2004 இல் வெளியான ஆய்வில் மறதிநோய் முற்றிய நிலையிலிருந்த 10 பேர் கலந்துகொண்டனர். பிறர் உதவியின்றி அவர்கள் முடித்த படிகள் ஏறத்தாழ 25 விழுக்காடு கூடின. 2008 ஆய்வில் 6 பேர். தாமே முடித்த படிகள் 11 விழுக்காடு மிகுந்தன. பராமரிப்பவர் குறுக்கிட வேண்டிய தேவை 60 விழுக்காடு குறைந்தது. ஆறு பேரில் நால்வர் முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ தம் காலில் நின்றனர். சிறிய எண்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால், கழுவும் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை ஒரு முதியவருக்குத் திரும்பக் கிடைப்பது சிறிய செய்தியா? பெற்ற மகள் முன்னால் ஆடை களைந்து நிற்க நேரும் தந்தையைக் கேளுங்கள். மகன் கையால் குளிக்க நேரும் தாயைக் கேளுங்கள்.

பராமரிப்பவர் என்றேனே, யார் அவர்? உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இருக்கிறது. 2021 இல் உலகெங்கும் மறதிநோயோடு வாழ்ந்தவர்கள் 5 கோடி 70 இலட்சம் பேர். அவர்களைப் பேணச் செலவாகும் நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது. ஊதியம் பெறாத உழைப்பு அதில் மிகுதி. குறுக்கீடு 60 விழுக்காடு குறைந்தது என்ற வரியை, அந்தப் பெண்ணின் காலைப் பொழுதை நினைத்துப் படிக்க வேண்டும்.

இத்தனை பாராட்டிய பின், ஐயத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜான்சன் செய்த மணி, அந்தப் பள்ளியின் நிலவறையில்தான் ஒலித்தது. 2014 இல் கூகிள் நிறுவனம், வீட்டு வெப்பநிலையைக் கற்றுக்கொள்ளும் கருவி செய்த நெஸ்ட் நிறுவனத்தை 320 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. வெப்பத்தை அளக்கும் பெட்டிக்கா அத்தனை கோடி? வீட்டில் எப்போது ஆள் உண்டு, எப்போது இல்லை என்று அறியும் அறிவுக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணுகிறேன். 2019 இல், அதே குடும்பத்துப் பாதுகாப்புக் கருவியொன்றில் ஒலிவாங்கி இருந்ததையும், விவரக்குறிப்பில் அதைச் சொல்லாமல் விட்டதையும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தவறுதலாக விடுபட்டது என்றது. மறதி மனிதருக்கு மட்டும் வருவதன்று போலும்! நினைவிழந்த முதியவர் 'என்னைப் பார்க்காதே' என்று சொல்லவும் மறந்திருப்பார். அவர் சார்பில் யார் சொல்வது?

இன்னொன்று, மொழி. டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அவர்களும் முதுமை எய்துகின்றனர். மறதிநோய் பின்னாளில் கற்ற மொழியை முதலில் பறித்து, தாய்மொழியைக் கடைசிவரை விட்டுவைப்பது பலரிடம் காணப்படும் உண்மை. சுவர் ஆங்கிலத்தில் பேசினால், யாழ்ப்பாணத்து ஆச்சிக்கு அது வெறும் ஓசை. 'ஆச்சி, சோப்பை எடுங்கோ' என்று சொல்லத் தெரிந்தால்தான் அது அவருக்கு உதவி.

பொறியின் உள்ளறிவைச் சொல்லவில்லையே. அதைக் கட்டிய கணிப்பொறி அறிஞர்கள் ஒரு நல்ல காரியம் செய்தனர்: தனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணாத பொறியாக அதை அமைத்தனர். நுரை மறைக்கும், முதியவர் குனிந்தால் தலை மறைக்கும், சோப்புப் போட்டாரா இல்லையா என்று கண்ணுக்கு உறுதியாகத் தெரியாது. எனவே, போட்டிருக்க இவ்வளவு வாய்ப்பு, போடாதிருக்க இவ்வளவு வாய்ப்பு என்று எடை போட்டு வைத்துக்கொள்ளும். இவர் இன்று தெளிவாக இருக்கிறாரா, சொன்னால் கேட்கிறாரா என்பதையும் ஊகித்து, ஒவ்வொரு கணமும் அந்த ஊகத்தைத் திருத்திக்கொள்ளும். தாமாகச் செய்யக்கூடியவர் முன் வாய் திறந்தால் அவருக்கு எரிச்சல். எனவே முதலில் காத்திருக்கும். காத்தும் பயனில்லையென்றால் சுருக்கமாக ஒரு சொல். அதற்கும் அசைவில்லையென்றால் பெயர் சொல்லி அழைத்து, பொருள் இருக்கும் இடத்தையும் சொல்லும். பின்னர், செய்முறையைத் திரையில் காட்டும். அதுவும் பலிக்காவிட்டால், தன்னால் ஆகாது என்று கண்டு பேச்சை நிறுத்திக்கொண்டு, பராமரிப்பவரைக் கூப்பிடும்.